பொன்விழா மலரில் வராத மல்லாரி

புள்ளி வேலை

‘கானச்சுடர்’ சஞ்சிகையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஆசிரியர் கனகசிங்கம் சேர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “பிள்ளைக்குச் சங்கீதம் தெரியுமோ?” என்பதுதான்.

“தெரியாது சேர். சேர்ச்சிலை பாட்டுக் குழுவிலை பாடுறனான். அவ்வளவுதான்.”

“அப்ப நல்லதாப் போச்சு. சங்கீதம் தெரிஞ்ச ஆள் புறூஃப் பாத்தால், பிழையா இருக்கிறதையும் மனசுக்குள்ளை சரியாப் பாடிக்கொண்டு போயிடும். தெரியாத ஆள்தான் எழுத்தெழுத்தாப் பாக்கும். நாளைக்கே வாங்கோ.”

அலுவலகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய வீட்டின் முன்னறை. இரண்டு அலுமாரி, ஒரு கணினி, ஒரு நீள மேசை, வருகிறவர்களுக்கு நாலைந்து கதிரை. நான் தெல்லிப்பழையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அதற்கு முன் ஒரு மிஷன் பாடசாலையின் கந்தோரில் தட்டெழுத்தராக இருந்தேன். அங்கே கடிதங்கள். இங்கே சுரங்கள்.

கட்டுரைகளை அடிப்பது பெரிய வேலை இல்லை. சுரதாளக் குறிப்புத்தான் வேலை. ஒவ்வொரு இதழிலும் ஒரு உருப்படி சுரத்தோடு வரும். மேல் ஸ்தாயிச் சுரத்துக்குத் தலையில் ஒரு புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளைப் போட எங்கள் எழுத்துருவில் வழி இல்லை. ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு புள்ளி விழுந்தால், உச்சியில் நிற்க வேண்டிய சுரம் கீழே இறங்கிவிடும். படிக்கிற பிள்ளை அதைப் பார்த்து அப்படியே பாடிப் பழகிவிடும். ஒரு வருடத்துக்குள் சேர் எனக்குப் ‘புள்ளிக்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். “இவ கிறேஸ். எங்கடை புள்ளிக்காரி.”

சஞ்சிகையைத் தொடங்கியபோது அவர் இளம் சங்கீத ஆசிரியர். தன் சம்பளத்தில் முதல் இதழை அடித்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பாடசாலை பாடசாலையாகப் போய் விற்றதாகச் சொல்வார். யுத்த காலத்தில் கடதாசி வரத்துத் தடைப்பட்டபோது பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் இதழ் வந்தது. குடாநாடே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது, அங்கே ஒரு கொட்டிலில் இருந்து ஒற்றைத் தாளை மடித்து வெளியிட்டார். இதழ் மெலிந்திருக்கிறது, பிந்தியிருக்கிறது, ஒரு காலமும் நின்றதில்லை.

பிடிவாதக்காரரும்கூட. ஒரு பெரிய மனிதர் தன் கட்டுரையில் ஒரு தேவாரத்தின் பண்ணை மாற்றி எழுதிவிட்டார். திருத்தினால்தான் போடுவேன் என்று சேர் நின்றார். அந்த மனிதர் மாதாமாதம் தந்த கடை விளம்பரத்தை நிறுத்தினார். சேர் அசையவில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அவரைப் பயந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

அட்டைகளைப் பார்த்தபோது

ஐம்பதாவது ஆண்டு நெருங்கியது. பொன்விழா மலர் ஒன்று போடுவதென்று முடிவாயிற்று. ‘கானச்சுடரின் வரலாறு’ என்று ஒரு கட்டுரை வேண்டும். பழைய இதழ்கள் எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பெடுத்துத் தரும்படி சேர் என்னிடம் சொன்னார்.

அலுமாரியிலிருந்து கட்டுக் கட்டாக எடுத்துப் பார்த்தேன். முதலில் அட்டைகளை மட்டும் வரிசையாகப் புரட்டினேன். வாய்ப்பாட்டுக்காரர், வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், நடனம் என்று எல்லாரும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து போன கலைஞர்கள் இருந்தார்கள். ஒரு ஹார்மோனியக்காரர்கூட இருந்தார். நாதஸ்வரம் வாசிக்கிற ஒருவரோ தவில் வாசிக்கிற ஒருவரோ இல்லை. திரும்பவும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். இல்லை.

யாழ்ப்பாணத்தில் நாதஸ்வரமும் தவிலும் இல்லாமல் ஒரு கோயில் கொடியேறாது, ஒரு தாலி ஏறாது. உள்ளே அவர்களைப் பற்றிக் கட்டுரைகள் வந்திருந்தன, பெரும்பாலும் அவர்கள் இறந்த பிறகு. இதற்குக் காரணம் சாதி. நான் கிறிஸ்தவப் பெண், எனக்குச் சொல்ல உரிமை இல்லை என்று சிலர் நினைக்கலாம். எங்கள் தேவாலயத்திலும் ஒரு காலத்தில் சிலருக்குப் பின்வரிசை வாங்குகள்தான் இருந்தன. அதனால் எனக்கு அது பார்த்தவுடன் விளங்கியது.

சேரிடம் சொன்னேன்.

“சேர், அட்டையிலை ஒரு நாதஸ்வரக்காரரும் இல்லை.”

“இருக்குமே. வடிவாப் பாத்தனீங்களோ?”

“ரெண்டு தரம் பாத்தனான்.”

அவர் எழுந்து வந்து தானே புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நான்தான் எல்லா அட்டையையும் தெரிவுசெய்தனான். எனக்கு இது படவே இல்லைப் பிள்ளை.” அட்டைகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டு, “பொன்விழா மலருக்குக் குமாரவேலுவின்ரை படத்தைப் போடுவம். உங்கடை ஊர்ப் பக்கம்தான் இருக்கிறார். போய்ச் சொல்லுங்கோ” என்றார்.

தெல்லிப்பழையில் ஒரு வீடு

குமாரவேலு ஐயா மயிலிட்டிப் பக்கத்தவர். அங்கே ஒரு அம்மன் கோயிலுக்குப் பரம்பரையாக நாதஸ்வரம் வாசிக்கும் குடும்பம். ஊரை இராணுவம் எடுத்த பிறகு இடம் இடமாகப் போய், கடைசியில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். நான் போனபோது விறாந்தையில் இருந்து, நாதஸ்வரத்தில் செருகி ஊதும் சீவாளிகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

“அட்டையிலையோ? என்னைப் பற்றியோ, எங்கடை ஆக்களைப் பற்றிப் பொதுவாவோ?”

“உங்களைப் பற்றித்தான் ஐயா.”

“பிள்ளை, சின்ன வயசிலையிருந்து கோயில் கோயிலா வாசிக்கிறன். திருவிழா நோட்டீசிலை கடைசி வரியிலை, பந்தல்காரருக்கு மேலை என்ரை பேர் வரும். சில இடத்திலை பேரும் இல்லை, வெறும் ‘மேளம்’ எண்டு வரும்.”

உள்ளே இருந்து அவருடைய மனைவி மனோன்மணி அக்கா வந்தார். “வீடு தேடி வந்த பிள்ளைக்கு உதுகளை ஏன் சொல்லுறியள்? ஓம் எண்டு சொல்லுங்கோவன்.”

அவர் சிரித்தார். “ஓம். அப்ப நானும் ஒண்டு தாறன். எங்கடை கோயில் தேருக்கு ஒரு மல்லாரி இருக்கு. என்ரை பாட்டனார் செய்தது. அதை எழுதிப் போடுவியளோ எண்டு சேரிட்டைக் கேளுங்கோ.”

மல்லாரி என்பது சுவாமி வீதி வரும்போது நாதஸ்வரத்தில் வாசிப்பது. சொல் இல்லை, சுரம் மட்டும். அவருடைய மல்லாரி அந்த அம்மன் தேரில் ஏறி அசையும்போது மட்டும் வாசிப்பது. ஊர் போனதோடு தேரும் போயிற்று. அன்றிலிருந்து அவர் அதை வேறெங்கும் வாசிக்கவில்லை. வேறு கோயில்காரர் கேட்டும் மறுத்திருக்கிறார்.

“இப்ப காணி விட்டிருக்கினம். கோயிலும் கட்டுப்படுது. தேர் ஒண்டும் செய்யப் போகினமாம். என்ரை ரெண்டு பெடியளும் சுவிசிலை. எனக்குப் பிறகு வாசிக்கிறவைக்கு எழுத்திலை ஒண்டு இருக்கட்டுமே.”

நாலாவது அட்சரம்

அவர் முதல் நாள் வந்தபோது வீட்டுக்குள் வரவில்லை. வாசல் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். சேர் கண்டதும் எழுந்து போய்க் கூட்டி வந்தார். தன் மேசைக்கு எதிரே இருந்த கதிரையை இழுத்துப் போட்டார். ஐயா அந்தக் கதிரையை ஒரு கணம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“உங்கடை அப்பர் எங்கடை கோயிலுக்கு வாசிக்க வந்தால், நான் மேளத்துக்குக் கிட்டப் போய் இருந்திடுவன். பேந்து வீட்டை போய் அடி வாங்குவன்” என்றார் சேர்.

“தெரியும் சேர். மணியகாரற்றை பெடியன் ஒண்டு வந்திருந்து பிசகாமல் தாளம் போடும் எண்டு அப்பா சொல்லுவார்.”

அதன் பிறகு அவர்கள் இருவருக்கும் இடையில் என் தேவை இருக்கவில்லை. பல பின்னேரங்கள் வந்தார். நாதஸ்வரம் கொண்டு வரவில்லை. அதை அந்த அறைக்குள் வாசித்தால் ஒழுங்கை முழுக்க எழும்பிவிடும் என்றார். வாயால் சுரம் சொல்வார், கையால் தாளம் போடுவார். சேர் பென்சிலால் எழுதுவார். நான் பக்கத்தில் இருந்து கணினியில் ஏற்றுவேன்.

ஒரு இடத்தில் சேர் நிறுத்தினார். “இதிலை நாலு அட்சர நேரம் நிக்க வேணும். நீங்கள் மூண்டிலை அடுத்ததை எடுக்கிறியள்.”

“இல்லை சேர். சுரம் நிக்கிறது மூண்டுதான். நாலாவது தேர் அசையிறதுக்கு. வடம் இழுபடுற சத்தம் அதுக்குள்ளை வரும்.”

சேர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “இதை எப்பிடியப்பா நான் எழுதுறது?” என்று கேட்டார். அவ்வளவு வருட வேலையில் அவரை அத்தனை சந்தோஷமாக நான் கண்டது அந்த நாட்களில்தான்.

படப்பிடிப்பாளர் வந்தார். ஐயா பட்டு வேட்டி கட்டி, பதக்கங்கள் அணிந்து, நாதஸ்வரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் அட்டையைச் செய்தேன். சேர் பார்த்துச் சரி என்றார். கலர்ப் பிரதி ஒன்று எடுத்து, வீட்டுக்குப் போகிற வழியில் ஐயாவிடம் கொடுத்தேன். மனோன்மணி அக்கா அதை வாங்கிச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துவிட்டு, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினார்.

ஆசிரியர் குழுக் கூட்டம்

அச்சுக்குப் போக முன்னர் ஆசிரியர் குழு கூடியது. குழுவில் நாலைந்து பேர். அவர்களில் முக்கியமானவர், எல்லாரும் ‘கலாநிதி’ என்று மட்டும் கூப்பிடும் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். பொன்விழாவுக்கு மண்டபம் எடுத்தது, பிரதம விருந்தினரைப் பிடித்தது எல்லாம் அவர்தான். அவர் மாதிரிப் பக்கங்களைப் புரட்டி, மல்லாரியில் வந்து நின்றார்.

“கனகசிங்கம், உது நல்ல முயற்சிதான். ஆனால் பொன்விழா மலர். வெளிநாட்டிலையும் பாப்பினம். உந்த மல்லாரிக்கு என்ன ஆதாரம்?”

“குமாரவேலுவின்ரை பாட்டனார் செய்தது.”

“அது அவர் சொல்லுறது. எழுத்திலை ஏதும் இருக்கோ?”

“எழுத்திலை இல்லாதபடியால்தானே நாங்கள் எழுதினது.”

“அப்ப ஒரு நாளைக்கு அவரைக் கூப்பிடுங்கோ. நாங்கள் நாலு பேர் இருந்து கேப்பம். சரியெண்டு கண்டால் அடுத்த இதழிலை போடுவம். அட்டைக்கும் ஒரு தனி ஆளின்ரை படம் ஏன்? ஒரு தம்புராவும் குத்துவிளக்கும் காணும். ஆரும் குறை சொல்லாயினம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “சேர், ஐயாவிட்டை அட்டையின்ரை பிரதியைக் குடுத்திட்டம். வீட்டிலை ஒட்டி வைச்சிருக்கினம்” என்றேன்.

கலாநிதி என் பக்கம் திரும்பினார். “அச்சடிக்க முன்னம் ஏன் குடுத்தனீங்கள்?”

மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். நான் சேரைப் பார்த்தேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், போட்டார், கழற்றினார். விளம்பரம் போனாலும் ஒரு பண்ணின் பெயரை விட்டுக்கொடுக்காதவர். இப்போது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“சரி. அடுத்த இதழிலை விரிவாப் போடுவம்” என்றார்.

கலாநிதி ஆதாரம் என்றார், மற்றவர்கள் பொதுவான படம் என்றார்கள், சேர் அடுத்த இதழ் என்றார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல் அந்த அறையில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

அன்று வெளிக்கிடும்போது சேர் என் முகத்தைப் பார்க்காமல், “நீங்கள் போற வழிதானே பிள்ளை, ஒருக்காச் சொல்லிவிடுங்கோ” என்றார். போய்ச் சொன்னேன். “பறுவாயில்லை” என்றார் ஐயா. மனோன்மணி அக்கா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மங்கல இசை

இதைவிட ஒன்று இருக்கிறது. வெளியீட்டு விழாவுக்கு மங்கல இசை வேண்டும். விழாக் குழுவில் யாரோ குமாரவேலு ஐயாவையே வாசிக்கப் பேசிவிட்டார்கள். அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் நான் கண்டேன். சேரிடம் காட்டினேன். அவர் முகம் கறுத்தது. “இனி நிப்பாட்டினால் அதுவும் ஒரு அவமானம்” என்றார்.

ஐயா வந்தார். மண்டப வாசலில் இருந்து வாசித்தார். வழக்கமான உருப்படிகள்தான். ஆட்கள் அவரைத் தாண்டிக் கதைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பிறகு விளக்கேற்றல், வாழ்த்துரை, தலைமையுரை. கலாநிதி பேசும்போது, ‘இம்மண்ணின் இசைக்கு இச்சஞ்சிகை என்றும் முதுகெலும்பாக இருந்தது’ என்றார். கை தட்டினார்கள்.

விழா முடிந்து மண்டபம் காலியாகும்போது ஐயா சேரிடம் வந்தார். மேசையில் இருந்த மலரை எடுத்து நின்றபடியே கடைசிப் பக்கம்வரை புரட்டினார். மூடி வைத்தார்.

“சேர், நான் சொன்ன மல்லாரியைத் திருப்பித் தாங்கோ.”

“அடுத்த இதழிலை கட்டாயம்...”

“வேண்டாம் சேர். அது உங்களிட்டை இருக்க வேண்டாம்.”

“குமாரவேலு, ஒருக்கா நான் சொல்லுறதைக் கேளுங்கோ.”

“என்னைக் கூப்பிட்டு இருத்திச் சோதினை வைக்கப் போகினமாம் எண்டு கேள்விப்பட்டன். என்ரை பாட்டனார் வாசிச்சதை அம்மன் கேட்டது. அது காணும்.”

அவர் குரல் உயரவில்லை. நாதஸ்வரத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டு மூன்று நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். இம்முறை படலையடியில் நிற்கவில்லை, நேரே உள்ளே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சேர் தான் பென்சிலால் எழுதிய தாள்களை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். ஐயா வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உந்தப் பெட்டிக்குள்ளையும் இருக்கும், என்ன பிள்ளை?”

“ஓம் ஐயா.”

“அதையும் அழிச்சுவிடுங்கோ.”

நான் சேரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். ஐயா பார்த்துக்கொண்டு நிற்க அழித்தேன். அழித்த கோப்புகள் கணினியில் இன்னொரு இடத்தில் போய் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அதையும் திறந்து காட்டி, அங்கேயும் அழித்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று பிற்காலத்தில் ஓரிருவர் கேட்டார்கள். அவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“நல்லது பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மன்னிப்பு

சேர் அதன் பிறகு சரியாக இருக்கவில்லை. கலாநிதியோடு கதையை நிறுத்தினார். குழுவைக் கலைத்தார். இந்தப் பிடிவாதம் கூட்டத்துக்கு முன் வந்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள், “ஓட்டோ ஒண்டு பிடியுங்கோ, தெல்லிப்பழைக்குப் போவம்” என்றார்.

ஐயா படலைக்கே வந்து கூட்டிப் போனார். நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டார். மனோன்மணி அக்கா பலகாரம் வைத்தார். சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அட்டைப் பிரதி அப்படியே இருந்தது. சேர் அதைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

“நான் பிழை விட்டிட்டன், குமாரவேலு.”

“நீங்கள் எனக்குப் பிழை நினைச்சனீங்கள் இல்லை சேர். அது எனக்குத் தெரியும். அண்டைக்கு உங்களுக்கு வாய் வரேல்லை.”

“இப்ப போடுறன். அடுத்த இதழ் முழுக்க உங்களுக்குத்தான். என்னை ஆர் தடுக்கிறது எண்டு பாப்பம்.”

“இப்ப ஆரும் தடுக்காயினம் சேர். அதுதான் வேண்டாம் எண்டுறன்.”

சேர் திரும்பவும் கேட்டார். இதழைத் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒன்று தன் கைக்கு வந்ததில்லை என்றார். எனக்குக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஐயா இடையில் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார்.

“தேர் ஓடேக்கை வாசிப்பன். நீங்கள் வாங்கோ. வீதியிலை நிண்டு கேளுங்கோ. அதுக்கு ஆரும் மறுப்பில்லை.”

வரும் வழியில் சேர், “கட்டாயம் போக வேணும் பிள்ளை. நீங்களும் வரவேணும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசி இதழ்

தேர் வேலை முடிய முன்னர் கொரோனா வந்தது. கோயில்கள் பூட்டிக் கிடந்தன. அது தணிந்ததும் நாட்டில் காசு இல்லை, பெற்றோல் இல்லை, கடதாசி இல்லை என்ற காலம். அச்சகத்துக்காரர் வந்து, “சேர், வாங்கிற விலைக்கு உங்களுக்கு என்னாலை அடிச்சுத் தரேலாது. கொப்பித் தாளும் இல்லை இப்ப” என்றார். சேர் வாதாடவில்லை. முந்திய காலமாக இருந்தால் எங்கேயாவது போய்த் தாள் பிடித்து வந்திருப்பார். ‘தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது’ என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி அடிக்கச் சொன்னார். அதுதான் நான் கானச்சுடருக்கு அடித்த கடைசி வசனம்.

அந்த இதழில் சுரதாளக் குறிப்பு வரவில்லை. உருப்படி ஒன்று எடுப்போமா என்று கேட்டேன். “மனமில்லை” என்றார்.

தேர்

ஒருவழியாகத் தேர் முடிந்து, வெள்ளோட்டமும் முடிந்து, திருவிழா வந்தது. அந்தக் கிழமைதான் சேருக்குச் சுவாசம் கஷ்டமாகி, திருநெல்வேலியில் பார்த்துச் சரிவராமல், தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தேருக்குப் போக விடுங்கோ என்று டொக்டரோடு சண்டை பிடித்தார். விடவில்லை.

நான் தனியே போனேன். வீதி முழுக்கச் சனம். சுவிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவர்கள், அந்த மண்ணைக் காணாமலே வளர்ந்த பிள்ளைகள். நான் ஒரு வேப்பமரத்து நிழலில் ஒதுங்கி நின்றேன். அம்மன் தேரில் ஏறியதும் ஐயா முன்னே வந்து வாசிக்கத் தொடங்கினார். அதன் ஒவ்வொரு சுரத்தையும் நான் அடித்திருக்கிறேன், ஒவ்வொரு புள்ளியையும் வைத்திருக்கிறேன். நாதஸ்வரத்தில் அதுவரை கேட்டதில்லை. அது இப்படி இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வடம் இழுபட்டது, தேர் ஒரு முனகலோடு அசைந்தது. மெல்லிய சாரீரத்தில் அவர் அந்த அறையில் சொல்லித் தந்தது, இவ்வளவு பெரிய ஒன்றாக இருந்தது. நான் நின்ற இடத்திலேயே அழுதேன். பக்கத்தில் நின்ற மனிசி, “முதல் தரம் ஊருக்கு வாறியளோ?” என்று கேட்டு என் கையைப் பிடித்தார்.

சுற்றிவர எல்லாரும் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். நான் என்னுடையதை வெளியே எடுக்கவில்லை.

பின்னேரம் நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேர் தலையணையை முண்டு கொடுத்துச் சாய்ந்திருந்தார். அவருடைய மருமகன் கோயில்காரர் இணையத்தில் நேரடியாகப் போட்ட ஒளிபரப்பைக் காட்டியிருக்கிறார். அதில் நேர்முக வர்ணனை. தேர் அசையத் தொடங்கியதிலிருந்து ஒலிவாங்கியில் ஒருவர் அம்மனின் அருளையும் உபயகாரரின் பெயர்களையும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போகிறார். அடியில் எங்கேயோ நாதஸ்வரம் இழை போலக் கேட்கிறது.

“அந்த ஆளை நிப்பாட்டச் சொல்லு எண்டு இவனோடை சண்டை பிடிச்சன்” என்றார் சேர். “அவன் எங்கை நிப்பாட்டுறது.” பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டார். “நீங்கள் நேரை கேட்டியள். எப்பிடி?”

“நல்லா இருந்தது சேர்.”

“உது காணாது. எப்பிடி வாசிச்சார்? விளம்ப காலம் எப்பிடி எடுத்தார்?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சனம் நின்றதையும் தேர் அசைந்ததையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, போர்வைக்கு மேல் விரலால் தாளம் போட்டு முதல் வரியை முணுமுணுத்தார். இரண்டாவது வரி பாதியில் நின்றது. திரும்பத் தொடங்கினார். அதே இடத்தில் நின்றது.

“அதுக்குப் பிறகு என்ன பிள்ளை?”

எனக்கு வரவில்லை. கேட்டது நெஞ்சில் இருந்தது, சுரமாக இல்லை.

“தெரியேல்லை சேர்.”

“ஓம். அதைக் குடுத்திட்டமே” என்றார்.

சில நாட்களில் அவர் போய்விட்டார். செத்தவீட்டுக்குக் குமாரவேலு ஐயா வந்தார். முன்னறையில், சேரின் மேசைக்கு எதிரே இருந்த கதிரையில், பாடை எடுக்கும் வரைக்கும் இருந்தார். கலாநிதியும் வந்து பேசினார். ஐயா இப்போதும் ஒவ்வொரு தேருக்கும் வாசிக்கிறார். வேறு பெடியன் ஒருவன் அவரிடம் படித்துக் கூட வாசிக்கிறான் என்று கேள்வி. அதனால் மல்லாரி இருக்கிறது. அது எங்கள் சஞ்சிகையில் இல்லை, அவ்வளவுதான். ஐம்பது வருட இதழ்களைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். அட்டைகளை வரிசையாகப் பார்க்கிற யாருக்கும், நான் கண்டது இன்றைக்கும் தெரியும்.

இப்போது இளையவர்கள் இணையத்தில் இசைக்கென்று சஞ்சிகைகள் நடத்துகிறார்கள். சிலர் என்னிடம் வந்து சுரக் குறிப்பை எப்படி ஏற்றுவது, பிழை எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன். அதோடு இதையும் சொல்வேன். ஒருவரைப் பற்றிய பேச்சு ஒரு மேசையில் இழுபடும்போது, அந்த மேசையிலேயே வாய் திறந்துவிட வேண்டும். சேர் நல்ல மனிதர். பிறகு எத்தனையோ வசனம் சொன்னார், வீடு தேடிப் போய்ச் சொன்னார், கெஞ்சியும் சொன்னார். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் தேவைப்பட்டது இரண்டே சொல்: ‘அட்டை மாறாது.’